உள்ளபடி விற்பதும் உள்ளதைச் சொல்வதும்

பழைய மோட்டார் சாமான் வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள நம் அன்பர் ஒருவர் சின்னாட்களுக்கு முன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி சிறியது, விடை சொல்வதுதான் எளிதாக இல்லை.

"கடைச் சுவரில், 'சாமான் உள்ளபடி விற்கப்படும், விற்றபின் திருப்பி எடுக்கப்பட மாட்டாது' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவர் அதைப் படிக்கிறார். சாமானைத் தம் கையாலேயே புரட்டிப் பார்க்கிறார். சம்மதித்துப் பணமும் கொடுக்கிறார். அதற்கு மேலும் அதில் உள்ள ஐபை நான் வாய் திறந்து சொல்ல வேண்டுமா? சொன்னால் நூறு வெள்ளிச் சாமான் முப்பது வெள்ளிக்குக்கூடப் போகாதே!" என்றார்.

அவர் மனத்தில் இருந்தவை இரண்டு சாமான்கள் என்பது பேச்சில் தெரிய வந்தது. வெள்ளத்தில் முழுகிய காடி ஒன்றிலிருந்து கழற்றிய டைனமோ ஒன்று. அதே காடியின் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று. இரண்டையும் துடைத்து உலர்த்தி வைத்திருக்கிறார். இன்று பூட்டினால் இரண்டும் வேலை செய்கின்றன. நாளைக்கு என்னவாகும் என்பதை யாரும் உறுதி கூற முடியாது.

இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பழைய இரும்பும் பழைய சாமானும் வாங்கி விற்பதில் நம் சமூகத்தார் பலர் இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டு வருகின்றனர். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

கிடங்கின் முறை

அமெரிக்க நாட்டில் 'நீயே கழற்றிக்கொள்' என்னும் முறையில் நடைபெறும் பழைய காடிக் கிடங்குகள் ஏராளம். விபத்தில் அடிபட்டவையும், ஓடி ஓய்ந்தவையுமான காடிகளைக் கிடங்குக்காரர் மொத்தமாக வாங்குகிறார். எண்ணெய், பெட்ரோல், குளிர்சாதன வாயு ஆகியவற்றை வடித்தெடுத்துவிட்டு, பழைய சக்கர வளையங்களைப் பற்றவைத்துச் செய்த தாங்கிகளின் மேல் அவற்றை வரிசை வரிசையாக நிறுத்தி விடுகிறார். வாங்குவோர் இரண்டொரு டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்தி, தம் சொந்த ஆயுதப் பெட்டியுடன் உள்ளே செல்ல வேண்டியது. வேண்டியதைத் தேடிக் கண்டுபிடித்துத் தாமே கழற்ற வேண்டியது. வாசலில் பட்டியல் பலகை இருக்கும். டைனமோ என்றால் இன்ன விலை, கதவு என்றால் இன்ன விலை. பெரும்பாலும் எந்தக் காடியிலிருந்து எடுத்தாலும் அதே விலைதான். சில வாரங்கள் கழிந்ததும் மீதிக் கூட்டை நசுக்கி இரும்புக்கு அனுப்பிவிட்டுப் புதிய வரிசையை நிறுத்துவர்.

நம் பகுதியில் இதே வியாபாரம் வேறு உருவத்தில் நடைபெறுகிறது. ஜப்பானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முன்பாதியாக வெட்டப்பட்டு வரும் காடிகளை, இஞ்சினும் கியர் பெட்டியும் சேர்ந்தபடியே 'ஹாஃப் கட்' என்ற பெயரில் மலேசியாவில் விற்கிறார்கள். சிங்கப்பூரில் 1990-ஆம் ஆண்டு முதல் காடி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று 10 ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. அதைப் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நன்றாக ஓடக்கூடிய காடியையும் பதிவிலிருந்து நீக்கி, ஏற்றுமதி செய்யவோ உடைக்கவோ வேண்டியதுதான். ஆகவே நல்ல சாமான்களுக்குக் குறைவில்லை.

இவ்வியாபாரம் இழிவானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐந்நூறு வெள்ளி கொடுத்துப் புதுச் சாமான் வாங்க இயலாத ஏழைத் தொழிலாளி, நூறு வெள்ளியில் தம் வண்டியை மீண்டும் ஓட வைக்கிறார். மண்ணில் புதைந்து வீணாக வேண்டியது மறுபடியும் மனிதனுக்குப் பயன்படுகிறது. வீண்விரயம் செய்வோரைத் திருக்குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். அவ்வகையில் பழைய சாமான் வியாபாரி நல்லதொரு தொண்டே செய்கிறார்.

அந்தப் பேரம் ஏன் நியாயம்?

நிற்க. 'உள்ளபடி எடுத்துக்கொள்' என்று சொல்லும் கிடங்குக்காரர் அநியாயக்காரரா? இல்லை என்பதே நம் கருத்து. அதற்குக் காரணங்கள் உண்டு.

அவரிடம் நூற்றுக்கணக்கான காடிகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் உள்ள ஆயிரக்கணக்கான சாமான்களில் எது நல்லது, எது கெட்டது என்று அவருக்குத் தெரியாது. வாங்குகிறவருக்கும் தெரியாது. இருவரும் அறியாமையில் சமமாக நிற்கிறார்கள். அந்த அறியாமைக்குத் தக்கபடி விலையும் தாழ்ந்திருக்கிறது. மேலும் வாங்குகிறவர் தம் கண்ணால் பார்த்து, தம் கையால் கழற்றுகிறார். 'எனக்குத் தெரியாது, ஆகவே குறைந்த விலைக்குத் தருகிறேன், நீயே பார்த்துக்கொள்' என்று ஒருவர் சொல்வது பொய்யன்று. அது ஒரு வகையில் மிகவும் நேர்மையான பேச்சு.

மார்க்கச் சட்ட நூல்களிலும் இவ்விஷயம் பேசப்பட்டுள்ளது. விற்ற பொருளில் முன்பே இருந்த ஐபு பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்க உரிமையுண்டு என்பது பொது விதி. 'எந்த ஐபுக்கும் நான் பொறுப்பில்லை' என்ற நிபந்தனையோடு விற்றால் அந்தப் பொறுப்பு நீங்குமா? நம்மில் ராவுத்தர்கள் பலர் ஹனபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். மரைக்காயர்கள் பலர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். இருசாராரின் இமாம்களும் இதில் வேறுபடுகின்றனர். ஹனபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, கால்நடை முதலிய உயிர்ப் பிராணிகளிடம் மறைந்திருந்து, விற்பவரும் அறியாத ஐபுக்கு மட்டுமே அது செல்லும், மற்றவற்றிற்குச் செல்லாது. உயிருள்ள உடல் நோயை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே நன்றாகத் தோன்றக்கூடும் என்பதால் இந்தச் சலுகை. ஃபத்வா கூறுவது நம் வேலையன்று. தத்தம் மத்ஹபின் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. ஒன்றை மட்டும் இங்கே குறிக்கிறோம். அறிந்த ஐபை மறைப்பது கூடாது என்பதில் இருசாராருக்கும் இடையே வேற்றுமை இல்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு வருகிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை, ஐபுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் 800 திர்ஹத்திற்கு விற்றார்கள். வாங்கியவர், அடிமைக்கு நோய் இருப்பதாகவும் அதைத் தமக்குச் சொல்லவில்லை என்றும் முறையிட்டார். வழக்கு கலீபா உதுமான் (ரலி) அவர்களிடம் சென்றது. கலீபா அவர்கள் நிபந்தனை உண்டா இல்லையா என்ற அளவோடு வழக்கை முடித்துவிடவில்லை. 'அந்த நோய் எனக்குத் தெரியாது' என்று விற்றவர் சத்தியம் செய்ய வேண்டுமெனத் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய இசையவில்லை. அடிமையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நோயை அறிந்திருந்தார்கள் என்று நாம் முடிவு கட்ட வேண்டியதில்லை. சத்தியத்தின் பெயரால் பொருளைக் காத்துக்கொள்ள அப்பேணுதலுள்ள உள்ளம் அஞ்சியிருக்கலாம். பின்னர் அடிமை நோய் நீங்கி நலமடைந்தார்; 1500 திர்ஹத்திற்கு விலை போனார்.

கலீபா அவர்கள் கேட்ட கேள்வியைக் கவனிக்க வேண்டும். 'என்ன எழுதி வைத்தீர்?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'உமக்குத் தெரியுமா?' என்றே கேட்டார்கள். நம் அன்பரின் கேள்விக்கு உரிய திறவுகோல் அதில்தான் இருக்கிறது.

அறியாமைக்கு அளவு

'உள்ளபடி' என்ற சொல் நம் அறியாமையை மூடும். நம் அறிவை மூடாது. நமக்கு எவ்வளவு தெரியாதோ அவ்வளவுக்கே அது நமக்குக் குடை. தெரிந்தது ஒன்று வந்து சேர்ந்ததும் அவ்விடத்தில் குடை ஓட்டையாகிவிடுகிறது. தெரியாதவர் சொல்லும்போது உண்மையாக இருக்கும் அதே வாக்கியம், தெரிந்தவர் சொல்லும்போது பொய்யாகி விடுகிறது. எழுத்து மாறவில்லை, பலகை மாறவில்லை, சொல்பவரின் உள்ளம் மாறிவிட்டது.

இங்கே ஒரு தந்திரம் உண்டு. 'அப்படியானால் நான் பார்க்காமலே இருந்துவிடுகிறேன். பார்த்தால்தானே தெரியும்? தெரிந்தால்தானே சொல்ல வேண்டும்?' என்று ஒருவர் எண்ணலாம். நூறு காடியில் நூறையும் சோதிக்க முடியாதது ஒன்று. கம்பளத்தின் அடியில் வண்டல் கோடு தெரிகிறது, இருக்கையில் சேற்று நாற்றம் அடிக்கிறது. அப்படியிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வது வேறொன்று. முன்னது இயலாமை. பின்னது அறிந்துவிடுவோமோ என்று அஞ்சி அறியாதிருப்பது. அறியாமையைத் தேடிப் போகிறவன், தான் எதைக் கண்டு ஓடுகிறான் என்பதை முன்பே அறிந்தவன் அல்லவா?

2021 டிசம்பரில் மலேசியாவில் பெருவெள்ளம் வந்தது. ஷா ஆலம் வட்டாரத்தில் தெருக்கள் ஆறாக ஓடியதையும், காடிகள் நீரில் முழுகிக் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. அவ்விதம் முழுகிய காடியின் கதவுக்கும் மூடிக்கும் பெரிய கேடில்லை. மின்சாரச் சாமான்களின் கதை வேறு. துடைத்தால் வெளியே பளபளக்கும். உள்ளே கம்பிகளின் முனையில் ஈரமும் வண்டலும் தங்கி, மெல்ல மெல்லப் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஒரு மாதமோ ஆறு மாதமோ வேலை செய்துவிட்டு ஒருநாள் நின்றுவிடும்.

இதைப் படிக்கும்போது நம் நெஞ்சில் ஒரு காட்சி எழாமல் இராது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த மழையை வியாபாரி வரவழைக்கவில்லை. நனைந்தது அவர் குற்றமன்று. நனைந்த தானியத்தை விற்கக் கூடாதென்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம். நம் கிட்டங்கியில் உலர்த்தித் துடைத்து வைத்திருக்கும் வெள்ளச் சாமானும் அந்தக் குவியல்தான். ஈரம் உள்ளே இருக்கிறது. கை மட்டும் இன்னும் நுழையவில்லை.

வியாபாரியின் நியாயம்

வியாபாரிகளின் தரப்பையும் கேட்க வேண்டும். 'பழைய சாமானில் குறை இருக்கும் என்பது உலகம் அறிந்தது. இதில் சொல்ல என்ன இருக்கிறது?' என்பார்கள். பழையதில் குறை இருக்கலாம் என்பது பொதுவாகத் தெரிந்த விஷயம். இந்தச் சாமானில் இந்தக் குறை இருக்கிறது என்பது நமக்கு மட்டுமே தெரிந்த விஷயம். முன்னதைச் சொல்லி இரண்டாவதை மறைக்கலாகாது.

'நான் சொன்னால் என் சாமான் கிடக்கும். சொல்லாத பக்கத்துக் கடைக்காரன் விற்றுவிடுவான்' என்பார்கள். இது மெய்தான். இதற்கு இனிப்பான விடை நம்மிடம் இல்லை. உண்மை சொன்னால் உடனே இலாபம் வரும் என்று யாரேனும் கூறினால் அவர் கடை வைத்தவர் அல்லர். உண்மைக்கு ஒரு விலை உண்டு. அதைச் சில வேளை ரொக்கமாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களும் துணி வியாபாரிதான். அவர்களுடைய கூட்டாளி, ஐபுள்ள துணியை வாங்கியவரிடம் அதைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். செய்தி அறிந்த இமாம் அவர்கள், அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. மறதிக்கே அவ்வளவு கொடுத்தார்கள் என்றால், தெரிந்து செய்வதற்கு என்ன கொடுப்பது? விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவாக்கினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிந்துபோகும் என்பது நாயக வாக்கின் கருத்து. கல்லாப் பெட்டியின் கனமும் பரக்கத்தும் ஒன்றல்ல என்பதை வயதான வியாபாரிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்குபவரின் கை

நேர்மை விற்பவருக்கு மட்டும் உரிய கடமையன்று. 'நீயே கழற்றிக்கொள்' கிடங்கில் வாங்குபவர் தனியாக நிற்கிறார், கையில் ஆயுதம் இருக்கிறது, பார்க்க யாருமில்லை. ஒரு சிறு விளக்கைக் கழற்ற வேண்டி முகப்புப் பலகை முழுவதையும் உடைத்துவிட்டுப் போகிறவர் உண்டு. ஒரு வெள்ளிச் சாமானுக்காக மின்கம்பிக் கட்டை வெட்டி, அடுத்து வருகிறவருக்குப் பயனில்லாமல் செய்கிறவர் உண்டு. கதவுக்குப் பணம் கொடுத்து, அதற்குள் வேறு சாமானைத் திணித்து வெளியே கொண்டுபோகிறவரும் உண்டு. இவை வியாபாரச் சாமர்த்தியம் அல்ல. பிறர் பொருளில் கைவைப்பதுதான். கிடங்குக்காரர் நம்மைத் தனியே விட்டது அமானிதம். காவலாளி இல்லாத இடத்தில் காவல் யாருடையது என்பதை முஸ்லிமுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

இன்னொரு நுட்பமான கேள்வி. பட்டியல் விலையில் கிடக்கும் ஒரு சாமான் வெளியே பத்து மடங்கு விலை பெறும் என்று வாங்குபவருக்குத் தெரிகிறது, கிடங்குக்காரருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் வாங்கலாமா? ஊருக்கு வெளியே சென்று, சந்தை நிலவரம் அறியாமல் வரும் வணிகக் கூட்டத்தாரை மறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விலை தெரிந்துகொள்ள வழியற்றவர்கள் அவர்கள். கிடங்குக்காரரோ சந்தையின் நடுவிலேயே அமர்ந்திருக்கிறார். தேடிப் பார்க்க நேரம் செலவிடுவதைவிட ஒரே விலை வைப்பது தமக்கு இலாபம் என்று கணக்கிட்டுத்தான் பலகை மாட்டியிருக்கிறார். அவரிடம் வாங்கி விற்பது திறமைக்குக் கிடைக்கும் கூலி. கணவனை இழந்த ஒரு பெண், கணவர் விட்டுச் சென்ற பழைய காடியை விற்க நம் வாசலுக்கு வந்தால், அவர்தான் அந்த வணிகக் கூட்டம். அங்கே நம் திறமை அவருக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தியாகிவிடுகிறது.

மூன்றாவது மனிதர்

இதுவரை இருவரைப் பற்றியே பேசினோம். பேரத்தில் இல்லாத மூன்றாவது மனிதர் ஒருவர் இருக்கிறார். பட்டறைக்காரர் நம்மிடம் பிரேக் பெட்டியை 'உள்ளபடி' வாங்குகிறார். அதை வேறொருவரின் காடியில் பூட்டுகிறார். அக்காடியில் அவர் மனைவி மக்களோடு பயணம் செய்கிறார். எதிரே ஒருவர் சாலையைக் கடக்கிறார். இவர்களில் எவரும் நம் பலகையைப் படிக்கவில்லை. எவரும் 'சம்மதம்' என்று சொல்லவில்லை.

டக்காட்டா என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் காற்றுப் பைகளின் வரலாறு இதற்குச் சான்று. அவற்றை ஊத வைக்கும் குப்பியில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், நெடுநாள் வெப்பத்தாலும் ஈரக் காற்றாலும் கெட்டு, விபத்தின்போது குப்பியே வெடித்து இரும்புத் துண்டுகளை வீசியது. காக்க வேண்டிய பையே உயிர் குடித்தது. 2014 ஜூலையில் மலேசியாவில் கருவுற்ற பெண் ஒருவர் இவ்வாறு மாண்டார். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 இலட்சம் குப்பிகள் திரும்பப் பெறும்படி அறிவிக்கப்பட்டன. 2017 ஜூனில் அந்நிறுவனம் திவாலானது. அதே 2017 மார்ச்சில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஓர் இளம்பெண் படுகாயமுற்றார். அவர் காடியில் இருந்தது அதற்குரிய பையே அன்று. அடிபட்ட வேறொரு காடியிலிருந்து கழற்றிப் பூட்டப்பட்ட பை. அப்பெண் எந்தக் கிடங்கிலும் நுழைந்தவர் அல்லர்.

ஆகவே உயிர் காக்கும் சாமான்களின் விஷயத்தில், குறையைச் சொல்லி விற்பதும் போதாது என்பதே நம் துணிபு. பிரேக், ஸ்டீயரிங், காற்றுப் பை, இருக்கை வார் ஆகியவற்றில் ஐபு உண்டென்று அறிந்தால் அவை எடைக்குப் போக வேண்டியவை. நம் பொருளை நாம் நட்டப்படுத்திக்கொள்ளலாம். கேட்காத மனிதரின் உயிரை விட்டுக்கொடுக்க நமக்கு ஹக்கு இல்லை.

செய்யத் தக்கது

பலகையைக் கழற்றி எறியும்படி நாம் சொல்லவில்லை. அதன் கீழே இன்னொரு வரியைச் சேர்க்கச் சொல்கிறோம்: 'எங்களுக்குத் தெரிந்த குறையைச் சொல்வோம்.' சாமான் எந்தக் காடியிலிருந்து வந்தது, அது விபத்துக் காடியா, வெள்ளக் காடியா, சோதித்ததா, சோதிக்காததா என்பதை ஒரு சிறு சீட்டில் எழுதிச் சாமானோடு கட்டுவது பெரிய செலவன்று. பில்லிலும் அதையே எழுதலாம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம், அதில் வெட்கமில்லை. நம் தமிழில் 'உள்ளபடி' என்ற சொல்லுக்கு உண்மை என்றும் பொருள் உண்டு. உள்ளபடி விற்கிறவர் உள்ளபடி சொல்லவும் செய்தால், பலகையில் எழுதியது முழு உண்மையாகி விடும்.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் தறுவாயில் அந்த அன்பரின் கடைக்குச் சென்றிருந்தோம். பிரேக் பெட்டியை உடைத்து எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். கிடைத்தது ஒரு வேளைத் தேநீர்க் காசு. டைனமோ அலமாரியில் இருந்தது. அதன் கழுத்தில் 'வெள்ளக் காடிச் சாமான்; விலை 30 வெள்ளி' என்று எழுதிய சீட்டுத் தொங்கியது. இருவர் எடுத்துப் பார்த்துவிட்டு, சீட்டைப் படித்து வைத்துவிட்டுப் போனார்களாம். இன்னும் விலை போகவில்லை.

வல்ல அல்லாஹ் அவருடைய வியாபாரத்திலும் நம் அனைவருடைய வியாபாரத்திலும் பரக்கத்தை அருள்வானாக! நம் கல்லாவில் சேரும் ஒவ்வொரு காசையும், மறுமையில் கேள்வி கேட்கப்படும்போது அஞ்சாமல் கையில் எடுத்துக் காட்டக்கூடிய காசாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.